முனியாண்டியின் அரைஞாணில் தொங்குபவை

பாப்பா, இதைப் படிக்க உட்காரும்போது உன் வயிற்றில் சோறு இருக்கட்டும். பசியோடு படித்தால் உனக்குக் கோபம் வரும், கோபம் வந்தால் பாதியில் மடித்து வைத்துவிடுவாய். போனில் சொல்லத்தான் பார்த்தேன். நான் அரைஞாண் என்று வாயெடுத்ததுமே, "அப்பா, அந்த விசயம்னா எழுத்துல தாங்க, ஃபைல்ல வைக்கணும்" என்கிறாய். எனக்கு எழுத்து தெரியாது என்பது உனக்கு நினைவில் இருந்ததோ இல்லையோ, அதை நான் கேட்கவில்லை. நான் சொல்லச் சொல்லச் செல்வி எழுதுகிறாள். பக்கத்துக் காம்பரா முருகேசின் மருமகள், பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறவள், உனக்குத் தெரியும். என் பேச்சை அவள் கொஞ்சம் தலைசீவிப் பொட்டு வைத்துத்தான் எழுதுகிறாள். அது பரவாயில்லை, ஆள் நான்தான். முடிந்ததும் கோயிலுக்கு முன்னால் எல்லாருக்கும் கேட்கும்படி வாசிக்கச் சொல்லியிருக்கிறேன். மகளுக்கு ஒளிவாக என்ன எழுதினான் என்று பிறகு ஒருத்தரும் கேட்கக் கூடாது.

எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. வாசலுக்குப் போகிறேன், மேகத்தைப் பார்க்கிறேன், உள்ளே வருகிறேன், சுவரைப் பார்க்கிறேன். ஒரே கூரையின் கீழ் வரிசை அறைகளான நம் லயத்துக்குப் பின்னால் இருக்கிற மண்மேட்டை நீ போன மழைக்கே பார்த்தாய். இப்போது அது நடக்கத் தொடங்கிவிட்டது. கடைசிக் காம்பராச் சுவர் வெடிப்பில் போன மாதம் விரல் நுழைந்தது, இன்றைக்கு என் கை நுழைகிறது. மழை பிடித்தால் பாயும் பானையுமாகப் பள்ளிக்கூடத்துக்கு ஓடுகிறோம், வெயில் வந்தால் திரும்புகிறோம். இதற்காகத்தான் ஆறாம் நம்பர் மலையில், முனியாண்டி கோயிலுக்கு மேலே, ஆளுக்கொரு வீடு கட்ட இடம் கிடைத்தது. முளை அடித்துச் சுண்ணாம்புக் கோடும் போட்டார்கள். பிள்ளைகள் அந்தக் கோட்டுக்குள் நின்று இது எங்கள் குசினி, இது எங்கள் வாசல் என்று சண்டை பிடித்தார்கள். இப்போது கோட்டின்மேல் புல் முளைத்துவிட்டது. தொல்பொருள் ஆபீசிலிருந்து உன் அறிக்கை வரும்வரை ஒரு கல்லும் வைக்கக் கூடாதென்று அரசாங்கக் கச்சேரியிலிருந்து உத்தரவு. அந்த மலை ராசாக்கள் காலத்து இடம்தான் என்று நீ எழுதினால் முளையைப் பிடுங்கிவிட்டுக் கம்பிவேலி அடிப்பார்கள். வேறு இடம் எப்போது கிடைக்கும், கிடைக்குமா என்பது யாருக்கும் தெரியாது.

இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் ஃபைலில் வைக்கப்போகிற கடிதம் என்றாயே, அதை ஆபீசில் எடுத்துப் படிக்கிற வேறொரு மாத்தயாவுக்கும் விளங்க வேண்டும் அல்லவா? ஆகவே முதலிலிருந்து சொல்கிறேன். நம் தோட்டத்தில் ரப்பருக்குக் குழி வெட்டும்போதோ தண்ணீர் ஓடக் கான் வெட்டும்போதோ மம்பட்டியில் செம்பு, பித்தளை, இரும்பு எது தட்டுப்பட்டாலும் வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. அது முனியாண்டிக்குச் சொந்தம். முனியாண்டி என்பது இடுப்பளவு உயரமுள்ள ஒரு கல். கல்லைச் சுற்றி ஒரு செம்புக் கம்பி, அதுதான் அவருடைய அரைஞாண். கொக்கி, வளையம், இடைவார்ப் பூட்டு, சலங்கை என்று கிடைத்ததெல்லாம் அதில்தான் கோத்திருக்கும். ரப்பர் மரத்துப் பால்வெட்டு வேலையிலிருந்து ஓய்ந்த பிறகு விளக்குப் போடுகிற வேலை எனக்கு வந்தது, கம்பிக்கதவின் சாவியும் என் மடிக்கு வந்தது. நான் அந்த அரைஞாணுக்குப் புளி போட்டுத் துலக்கியிருக்கிறேனே தவிர, ஒரு நாளும் அதை உற்றுப் பார்த்ததில்லை.

நீ அரசாங்கத்துப் பத்திரத்தோடு, உன்னோடு வேலை செய்கிற நிமல் மாத்தயாவையும் கூட்டிக்கொண்டு, தும்புத்தடியின் நுனியில் சாப்பாட்டுக் கோப்பையைக் கட்டியதுபோல ஒரு மெசினோடு வந்து இறங்கிய அன்றைக்கு லயமே உன் பின்னால் வந்தது. மண்ணுக்குள் இரும்போ செம்போ இருந்தால் மெசின் கத்தும், அது கத்தினால் பிள்ளைகளும் கத்தினார்கள். தகர மூடி, ஆணி, யாரோ தொலைத்த பால்வெட்டுக் கத்தி. கால் எலும்பில் தகடு வைத்திருக்கிற முத்தம்மா அக்கா ஆசைப்பட்டுக் கிட்டே வர, மெசின் அவளைப் பார்த்துக் கத்தியதே, "அடியே பாப்பா, என்னையும் தோண்டிப் பாக்கப் போறியா?" என்று அவள் கேட்டதும் நிமல் மாத்தயா சிரித்து விழுந்தார். வெயில் சாயும் நேரத்தில் உண்மையாகவே ஒன்று வந்தது. பெருவிரல் நகத்தளவு தகடு, ஒரு பக்கம் பிளந்தது. இடைவாரின் நுனி பிய்ந்துபோகாமல் இருக்க மாட்டுகிற தகடு என்று சொன்னாய். அப்போது முருகேசின் பெண்சாதிதான், "இது மாதிரி சாமி இடுப்புல கெடக்கே" என்றாள். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். கூட நின்ற ஒருத்தரையும் அப்படிப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. நான் ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன்.

நீ ஒவ்வொன்றையும் கழற்றி வெள்ளைத் துணியில் பரப்பினாய். கொக்கிகள் ஒரு பக்கம், பூட்டுகள் ஒரு பக்கம். பிறகு அதையும் கலைத்து நாக்குள்ள பூட்டு, நாக்கில்லாத பூட்டு, அடித்துச் செய்தது, உருக்கி ஊற்றியது என்று குவித்தாய். தராசில் நிறுத்தாய், அளந்தாய், படம் பிடித்தாய். கழுவாமல் வைத்திருந்தால் இன்னும் நிறையச் சொல்லியிருக்கும் என்று என் புளித் துலக்கலுக்கு ஒரு திட்டும் விழுந்தது. சோறு ஆறிக்கொண்டிருந்தது. "ஒரு கொக்கிக்கு இவ்வளவு பாடா?" என்று கேட்டேன். "அப்பா, ராசாவோட வாள் மியூசியத்துல இருக்கு. பாக்கு மூட்டை தூக்கினவன், ராசாவுக்கு உடுப்பு வெளுத்தவன், அவங்க இடுப்புல என்ன இருந்துச்சுன்னு எந்தப் புஸ்தகத்துல இருக்கு? இதுலதான் இருக்கு" என்றாய். அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது, பொய் சொல்ல மாட்டேன். அதில் வாத்துக் கழுத்துபோல வளைந்த கொக்கிகள் இரண்டு. ஒன்றின் தகட்டில் மூன்று புள்ளி, மற்றதில் நாலு இதழ்ப் பூ. பூப் போட்டது பிந்தியது, நிறையக் கிடைக்கிற வகை. மூன்று புள்ளி போட்டது நானூறு வருசத்துக்கு முன்னால் இருந்த சீதாவாக்கை ராசாவுக்கும் முந்தியது, இந்தப் பக்கத்தில் கிடைத்ததே இல்லை, இது ஒன்றே போதும் இந்த மலையைக் காப்பாற்ற என்றாய். "எல்லாம் இந்த மலையில கெடச்சதுதானே அப்பா?" என்றாய். "பின்ன? நம்ம மம்பட்டியில பட்டதுதான் அம்புட்டும்" என்றேன், ஏதோ நானே தோண்டி எடுத்ததுபோல. நீ அதை எழுதிக்கொண்டாய். எல்லாவற்றையும் இருந்தபடியே கோத்துவிட்டு, அறிக்கை முடியும்வரை ஒருத்தரும் கழற்றக் கூடாதென்று சொல்லிவிட்டுப் போனாய்.

கச்சேரி உத்தரவு வந்த பிறகு நான் கடைக்குப் போனால் பேச்சு நின்றுவிடுகிறது. சங்கத் தலைவர் சிவலிங்கம் ஒருவன்தான் முகத்துக்கு நேராகப் பேசுகிறான். "அண்ணே, ஒங்க புள்ளைய படிக்க வைக்க லயத்துல எல்லாரும் சேர்ந்துதானே வழியனுப்பினோம்? செத்தவன் இடுப்புக் கயிறுக்கு வேலி போடுறா, உசுரோட இருக்கிறவன் எங்க படுப்பான்?" அவனுடைய காம்பராதான் கடைசிக் காம்பரா. மகளே, ஒருத்தன் உன்னை ஏசும்போது அவன் எங்கே படுக்கிறான் என்று முதலில் பார். பார்த்த பிறகும் நீ சொல்வது சரியென்றால் சொல். பார்க்காமல் சொல்லாதே. உனக்கு நான் கொடுக்கிற புத்தி இவ்வளவுதான். கல்யாணப் பேச்சை இதில் எடுக்க மாட்டேன், பயப்படாதே. ஆனால் கல்யாணத்தைத் தொட்டுத்தான் அடுத்த விசயம் வருகிறது.

போன வெள்ளிக்கிழமை விளக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். முத்தம்மா அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "தம்பி, அம்புட்டும் இந்த மண்ணுல கெடச்சதுன்னு புள்ளைக்கிட்ட சொன்னியாமே. ஒனக்கு யாரு சொன்னா?" என்றாள். "யாரு சொல்லணும்? தெரிஞ்சதுதானே" என்றேன். "ஆம்பளைங்களுக்குத் தெரிஞ்ச லட்சணம்!" என்று காலைத் தேய்த்துக்கொண்டே உட்கார்ந்தாள். அப்புறம் சொன்னாள். வேறு தோட்டத்திலிருந்து இங்கே வாழ வருகிற பெண், பிறந்த தோட்டத்துச் சாமியின் இடுப்பிலிருந்து ஒரு உருப்படியைக் கொண்டுவந்து முனியாண்டியின் அரைஞாணில் கோக்க வேண்டுமாம். இந்தச் சாமிக்கு அவளை அடையாளம் தெரிய வேண்டுமே, அதற்கு. பெற்றவள் கழற்றித் தாலி மஞ்சளோடு முடிந்து கொடுப்பாளாம். ஆண்கள் காதுக்கு அது போகக் கூடாது, கல்யாணம் ஆகாத பெண்ணுக்கும் சொல்ல மாட்டார்கள். அதனால்தான் நீ கேட்டுக்கொண்டு நின்றபோது அத்தனை பெண்களும் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கிறார்கள். நான் பிறந்து வளர்ந்த தோட்டம், பாப்பா. எந்த மரம் எந்த வருசம் பட்டுப்போனதென்று இன்றைக்கும் சொல்வேன். இது எனக்குத் தெரியாது.

ஆனால் பார்த்திருக்கிறேன், பார்க்காமலும் இருந்திருக்கிறேன். உன் அம்மாவை ஓப்பநாயக்கவிலிருந்து கூட்டிவந்த அன்றைக்கு மழை தூறிக்கொண்டிருந்தது. தேயிலை மலையில் வெளிச்சத்தில் வளர்ந்தவள், ரப்பர் காட்டுக்குள் நுழைந்ததும் அண்ணாந்து பார்த்து, "இங்க வானத்தை யாரு எடுத்துக்கிட்டா?" என்று கேட்டாள். என்னோடு அவள் பேசிய முதல் பேச்சு அது. வீட்டுக்குப் போகுமுன் பெண்கள் அவளை முனியாண்டியிடம் கூட்டிப் போனார்கள். மாப்பிள்ளையும் மற்ற ஆண்களும் பாதையிலேயே கீழ்ப்பக்கம் பார்த்து நிற்க வேண்டும் என்றார்கள். மஞ்சள் கயிறு கட்டுகிறார்கள் என்றுதான் நாங்கள் நினைத்தோம். அட்டை என் காலில் ஏறிக்கொண்டிருந்தது, குனிந்து பிடுங்கவும் வெட்கம். மேலே பெண்கள் சிரிக்கிற சத்தம் கேட்டது. என்ன சிரிப்பு என்று அவளிடம் கேட்டேன், சொல்லவில்லை. முத்தம்மா அக்கா இப்போது சொல்கிறாள். உன் அம்மா முடிச்சை அவிழ்த்தால் உள்ளே ஒரு வாத்துக் கழுத்துக் கொக்கியாம். அரைஞாணில் ஏற்கெனவே அதே மாதிரி ஒன்று கிடந்ததாம். "எங்க சாமிக்கும் ஒங்க சாமிக்கும் ஒரே தட்டான் போல" என்றாளாம் உன் அம்மா. அதற்குத்தான் சிரிப்பு.

நீ கழற்றக் கூடாதென்றாய், கழற்றவில்லை. ஆனால் நான் பெண்களை வரச் சொல்லி, அவரவர் கொண்டுவந்ததை அடையாளம் காட்டச் சொன்னேன். சாமி இனி ரகசியம் கேட்க மாட்டார், வீடு போகப்போகிறது என்றேன். முதலில் ஒருத்தியும் அசையவில்லை. முத்தம்மா அக்காதான் தன் சேலைக் கரையில் ஒரு இழை கிழித்து ஒரு சலங்கையில் கட்டிவிட்டு, "எஹலியகொட தோட்டம். எங்கம்மா குடுத்தது" என்றாள். பிறகு ஒவ்வொருத்தியாக வந்தார்கள். மாமியார் போய்ச் சேர்ந்தவள் மாமியாருடையதையும் கட்டினாள். பச்சை, ஊதா, ஆரஞ்சு என்று முனியாண்டியின் இடுப்பு திருவிழாத் தேர் மாதிரி ஆகிவிட்டது. நீ துணியில் பரப்பி வகை பிரித்ததுபோல அவர்களும் பிரித்தார்கள் போலிருக்கிறது, வேறு கணக்கில். நூல் விழாமல் மிஞ்சியது கொஞ்சம்தான். அதை மம்பட்டியில் பட்டதென்று வைத்துக்கொள்ளலாம். மெசின் கத்தி எடுத்த தகடு இந்த மலையுடையதுதான், அதை என் கண்ணால் பார்த்தேன். அது ஒன்றுக்கு வேலி போட மாட்டார்கள் என்று செல்வி சொல்கிறாள், எனக்குத் தெரியாது. கடைசியில் வாத்துக் கழுத்து இரண்டும் நூலில்லாமல் நின்றன. முத்தம்மா அக்கா, உன் அம்மா விட்டுப்போன பழைய சேலையிலிருந்து ஒரு இழையைக் கொண்டுவரச் சொன்னாள். கொண்டுவந்தேன். "எதுலக்கா கட்டணும்?" என்றேன். "வாத்துக் கழுத்துன்னு தெரியும். புள்ளியா பூவான்னு யாரு பாத்தா? அன்னைக்கு என் கண்ணு ஒன் வீட்டுக்காரி மூக்குத்தியிலதான் இருந்துச்சு" என்றாள்.

உன் அம்மாவுடையது மூன்று புள்ளி என்றால், அது ஓப்பநாயக்கவுடையது, இந்த மலை பத்தோடு பதினொன்று, வீடு கட்டலாம். பூப் போட்டது என்றால், மூன்று புள்ளி இந்த மண்ணுடையது, வேலிதான். அதற்குள் ஆண்களும் வந்து கூடிவிட்டார்கள், எல்லாரும் என் கையைப் பார்த்தார்கள். சிவலிங்கம் மெதுவாகத்தான் சொன்னான். "அண்ணே, புள்ளிதான்னு கட்டுங்க. ரெண்டுல ஒண்ணு. நீங்க சொல்றது நெசமாக்கூட இருக்கலாம்ல?" அதுதான் என்னை உலுக்கிவிட்டது, பாப்பா. பச்சைப் பொய் என்றால் மாட்டேன் என்று சொல்லிவிடலாம். இது பாதி உண்மையாக இருக்கக்கூடியது. பத்துப் பிள்ளைகள் ஒட்டிப் படுக்கிற சுவர் வெடிப்பில் என் கை நுழைகிறது. நூலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் முகத்தை நினைத்துப் பார்த்தேன், மூக்குத்தியை, வானத்தைக் கேட்ட வாயை. கையில் என்ன வைத்திருந்தாள் என்பது வரவில்லை. வராததை வந்ததாகச் சொன்னால், அவளைப் பற்றி நான் வைத்திருக்கிற மற்ற நினைவுகளும் அப்படித்தானோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிடும். நூலைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு கதவைப் பூட்டினேன். சிவலிங்கம் காறித் துப்பவில்லை, ஏசவில்லை. "சரிண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். ஏசியிருக்கலாம்.

இந்த இடத்தில் செல்வி பேனாவை வைத்துவிட்டாள். "மாமா, தெரியாதுங்கிறத எழுதத்தான் வேணுமா? எழுதாம விட்டா அது பொய் இல்லியே." நான், "ஒனக்கும் அந்த லயந்தானேம்மா, எனக்கு வெளங்குது" என்றேன். பிறகு அவளே பேனாவை எடுத்துக்கொண்டாள்.

ஓப்பநாயக்கவில் உன் சித்தி இருக்கிறாள், அம்மாவின் தங்கை. அக்காவுக்கு அந்த முடிச்சைப் போடும்போது விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றது தான்தான், எதற்கென்று அப்போது தனக்குச் சொல்லவில்லை என்று ஒருமுறை ஏதோ பேச்சில் சொன்னாள். அப்போது என்ன முடிச்சு என்று நான் கேட்கவில்லை. நானே போய்க் கேட்டுவிடலாம். கேட்டால், இங்கே நடப்பதையெல்லாம் அவளிடம் சொல்லாமல் கேட்க என்னால் முடியாது. சொன்னால் அவள் எங்களைக் காப்பாற்றுகிற பதிலைத்தான் சொல்வாள், அவ்வளவு நல்லவள். ஆகவே நீ போ. நிமல் மாத்தயாவையும் கூட்டிக்கொண்டு போ. வீடு, வேலி, மழை எதையும் பேசாதே. இரண்டு படத்தையும் அவள் முன்னால் வை, வைத்துவிட்டுச் சும்மா இரு.

மூன்று புள்ளி என்று வந்தால் உன் பெரிய கண்டுபிடிப்பு கை நழுவும். பூ என்று வந்தால் எங்களுக்கு வீடு நழுவும். எதை வேண்டிக்கொள்வதென்று தெரியாமல் இன்றைக்கு நான் சாமிக்கு விளக்கு மட்டும் போட்டேன், ஒன்றும் கேட்கவில்லை. மழை இன்னும் தொடங்கவில்லை, சீக்கிரம் போ. அவள் விரல் எந்தப் படத்தில் படுகிறதோ அதை எழுது. இரண்டிலும் படாவிட்டால், படவில்லை என்று எழுது.

அப்பா